மகனுடன் நான்கு நாள் கடற்கரையில்

பிறந்த மண்ணை விட்டுத் தொலைவிலுள்ள நகரங்களில் அலுவல் நிமித்தம் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் பெரும்பாலும் ஒன்றே பொருள்: ஊருக்குப் போதல். தில்லியிலும் கொல்கத்தாவிலும் மும்பையிலும் ஜாம்ஷெட்பூரிலும் ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்த விடுப்பு நாள்கள், தாத்தா பாட்டியைக் காணவும், திருமணங்களுக்கும் காதணி விழாக்களுக்கும் சென்று வரவும், குலதெய்வத்துக்குப் பொங்கலிடவும், வீட்டு வரி கட்டவும், பட்டாவில் பெயர் மாற்றவும் செலவாகிவிடுகின்றன. இவை யாவும் செய்யத்தக்க கடமைகளே. அவற்றைக் குறைத்துரைப்பது நம் நோக்கமன்று. எனினும், அப்பயணத்தை முடித்துத் திரும்பும் குடும்பத்தினர், புறப்பட்டபோது இருந்ததைவிடக் களைத்தவராய்த் திரும்புகின்றனர் என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

இக்கடமைச் சுற்றில் கவனிக்கப்படாமல் போகிறவன் வீட்டிலுள்ள விடலைப் பருவத்து மகன். சிறுவனாக இருந்தவரை அவன் தாத்தாவின் தோளிலும் மாமன் வீட்டுத் தோப்பிலும் மகிழ்ந்து திரிந்தான். பதினைந்து வயது நிரம்பிய பின்னர் அவ்வூரில் அவனுக்குத் தோழர் இல்லை. அவன் பேசும் தமிழில் இந்தி கலந்திருப்பதைக் கேட்டு உறவினர் சிரிக்கின்றனர். "எவ்வளவு மார்க்கு வாங்கினாய்?" என்பதொன்றே பெரியவர்கள் அவனிடம் கேட்கும் கேள்வியாகிறது. அவன் கைப்பேசியுடன் ஒரு மூலையில் அமர்ந்துவிடுகிறான். நாமும், பிள்ளை வளர்ந்துவிட்டான், தனிமையை விரும்புகிறான் என்று எண்ணி விட்டுவிடுகிறோம். இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் அவன் பள்ளிப் படிப்பை முடித்து, கல்லூரிக்கென வேறோர் ஊருக்குப் போய்விடக்கூடும். அதன்பின் நம் விடுமுறையும் அவன் விடுமுறையும் ஒரே வாரத்தில் வருவது அரிது. ஆகவே, அவன் நம்மோடிருக்கும் இச்சில ஆண்டுகளுள் ஒருமுறையேனும் நான்கு நாள்களை ஊர்க் கடமைகளினின்று பிரித்தெடுத்து, அவனோடு ஒரு கடற்கரையில் கழித்து வருவது எவ்வாறு என்பதை இங்கு ஆராய்வோம்.

'விடுமுறை' என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால், அன்றாட முறையை விட்டிருத்தல் என்ற பொருள் தோன்றுகிறது. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இச்சொல்லின்மேல் ஒரு தனி மதிப்பு உண்டு. ஆனால் நடைமுறையில் நாம் ஒரு முறையை விட்டு, அதைவிடக் கடுமையான மற்றொரு முறையில் புகுந்துவிடுகிறோம். ஏழு நாளில் பன்னிரண்டு தலங்கள். விடியற்காலை நான்கு மணிக்குக் குளியல். ஐந்து மணிக்கு வண்டி. இத்தகைய சுற்றுலாவில் பிள்ளைகள் கட்டிய மூட்டைகளுள் ஒரு மூட்டையாகவே எடுத்துச் செல்லப்படுகின்றனர். கடற்கரையின் சிறப்பு இங்குதான் விளங்கும். அங்கே பார்த்து முடிக்க வேண்டிய பட்டியல் இல்லை. கடல் எந்நேரமும் திறந்திருக்கிறது. ஓடவும் நனையவும் விரும்பும் பதினைந்து வயதினனுக்கும், சாய்ந்து உட்கார விரும்பும் நாற்பத்தைந்து வயதினருக்கும் அது ஒரே வேளையில் இடம் கொடுக்கிறது.

முதலில் இடத்தைப் பற்றிப் பேசுவோம். குறுகிய விடுமுறைக்குரிய கடற்கரை ஓர் இரவுப் பயணத் தொலைவுக்குள் இருத்தல் நலம். இரவு வண்டியேறி உறங்கி, காலையில் கடல் முன் இறங்க வேண்டும். கொல்கத்தாவில் வாழ்வோருக்குப் பூரியும், ஐதராபாத்தில் வாழ்வோருக்கு விசாகப்பட்டினமும், பெங்களூரில் வாழ்வோருக்கு உடுப்பியை அடுத்த மால்பேயும் இவ்வாறு அமைந்தவை. விசாகப்பட்டினத்துக் கடற்கரையில், கடற்படைப் பணியினின்று ஓய்வு பெற்ற 'குர்சுரா' என்னும் நீர்மூழ்கிக் கப்பல் 2002 முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. மால்பேயிலிருந்து படகில் செயின்ட் மேரித் தீவுக்குச் சென்றால், எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பாறைத் தூண்களைக் காணலாம். மும்பைவாசிகள் கேட்வே ஆப் இந்தியாவில் படகேறி மாண்ட்வா வழியாக அலிபாகை அடையலாம். அங்குள்ள கொலாபா கோட்டைக்குக் கடல் வற்றும் வேளையில் நடந்தே போகலாம் என்பது பிள்ளைகளைக் கவரும் செய்தி. அகமதாபாத்தில் இருப்போருக்குக் கச்சுப் பகுதியின் மாண்ட்வி உண்டு. அவ்வூரின் ஆற்றங்கரையில் பெரிய மரக்கப்பல்களைக் கட்டுவதைக் காணலாம். தில்லியில் வாழும் நமக்குத்தான் எந்தக் கடலும் அருகில் இல்லை. புது தில்லியிலிருந்து பூரிக்குப் புருஷோத்தம் விரைவு வண்டியில் ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகிறது. அவ்வளவு நாள் விடுப்பு இல்லாதவர் விமானத்தில் புவனேசுவரத்தில் இறங்கி, அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் சாலை வழியே பூரியை அடையலாம்.

மத்திய அரசு அலுவலர் ஒரு செய்தியை நினைவிற்கொள்ளலாம். நான்கு ஆண்டுக் கட்டமொன்றில் சொந்த ஊருக்கு இருமுறை செல்ல விடுப்புப் பயணச் சலுகை உண்டு. அவ்விரண்டில் ஒன்றை நாட்டின் எந்த இடத்துக்கும் செல்வதற்கு மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. நம்மில் பலர் இரண்டையும் ஊருக்கே செலவிட்டு, இம்மாற்றத்தைப் பற்றி எண்ணிப் பார்ப்பதே இல்லை.

இனி, பூரியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு மேலே செல்வோம். இங்குக் கூறப்படும் முறைகளுள் பெரும்பாலானவை வேறு கடற்கரைகளுக்கும் பொருந்தும்.

காலத்தைத் தேர்வதில் கருத்து வேண்டும். நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை பூரியின் வெயில் இதமானது. அப்பருவத்தில் சூரியன் கடலினின்று எழுவதைக் காணலாம். ஆனி, ஆடி மாதங்களில் தேர்த்திருவிழாவும் மழையும் சேர்ந்து வரும். ஓய்வுக்கு அது ஏற்ற காலமன்று. துர்க்கை பூசை விடுமுறையிலும் டிசம்பர் இறுதியிலும் வங்காளத்திலிருந்து வரும் குடும்பங்களால் விடுதிகள் நிரம்பி வழியும். அன்றியும், வங்கக் கடலில் புயல்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் உருவாகின்றன. 2019 மே 3 அன்று 'பானி' புயல் பூரிக்கு அருகிலேயே கரையைக் கடந்தது. ஒடிசா அரசு 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை முன்னதாகவே பாதுகாப்பான இடங்களுக்கு அகற்றியது. ஆகவே புறப்படுவதற்கு முந்திய வாரம் வானிலைத் துறையின் அறிவிப்பைக் கவனித்துவிட்டே பெட்டியைக் கட்ட வேண்டும். இரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் பயணத்துக்கு 60 நாள் முன்னதாகத் தொடங்குகிறது. அதற்கு முன்பு 120 நாளாக இருந்தது. பள்ளியின் தேர்வு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, ஞாயிறு இரவு புறப்பட்டு வெள்ளிக்கிழமைக்குள் திரும்பும்படி ஏற்பாடு செய்தால், கூட்டமும் குறையும், அறை வாடகையும் குறையும்.

அடுத்தது, இத்திட்டத்தில் மகனுக்குரிய பங்கு. பெற்றோர் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, "வா, போகலாம்" என்று அழைத்தால் பதினைந்து வயதுப் பிள்ளை வருவான். ஆனால் விருந்தினனைப்போல் வருவான். அவனிடம் உண்மையான பொறுப்புகள் மூன்றினை ஒப்படைக்கலாம். ஒன்று, வண்டி நேரங்களை ஒப்பிட்டுப் பயணச்சீட்டுப் பதிவு செய்தல். மற்றொன்று, உணவுக்கும் உள்ளூர்ப் போக்குவரத்துக்குமான தொகையை அவன் கையில் கொடுத்து, நான்கு நாளும் கணக்கு வைக்கச் செய்தல். மூன்றாவது, நான்கு நாள்களுள் ஒரு நாளை முழுவதும் அவனுடைய நாளாக விட்டுவிடுதல். அன்று எங்குப் போவது, எதை உண்பது, ஒன்றுமே செய்யாமல் இருப்பதா என்பனவற்றை அவனே முடிவு செய்வான். அவன் தேர்ந்த உணவு விடுதியில் சாம்பார் கிடைக்காவிட்டால் நாம் முகம் சுளித்தல் கூடாது. பணம் மூன்றாம் நாளே தீர்ந்துபோகும் நிலை வந்தால், "நான் அப்போதே சொன்னேன்" என்று கூறாமல், எஞ்சிய நாளை எவ்வாறு கடத்தலாம் என்று அவனோடு அமர்ந்து எண்ணலாம். விடுதி வாழ்க்கைக்குச் செல்லவிருக்கும் பிள்ளைக்கு இப்பயிற்சி தேவையானதே.

தங்குமிடம் கடற்கரைக்கு நடந்து செல்லும் தொலைவில் இருக்க வேண்டும். அறையின் ஆடம்பரத்தினும் இதுவே முக்கியம். நடக்கும் தொலைவில் கடல் இருந்தால், பெற்றோர் உறங்கும் வேளையில் மகன் வெளியே சென்று மணலில் உலவலாம். தண்ணீரில் இறங்குவதில்லை என்ற ஒரு நிபந்தனை மட்டும் போதும். வாகனம் பிடித்துச் செல்லும் தொலைவில் இருந்தால் ஒவ்வொரு முறையும் குடும்பம் முழுவதும் கிளம்ப வேண்டிவரும். அதனோடு ஓய்வும் போய்விடும். உணவைப் பொறுத்தவரை ஒடிசாவின் சமையல் நமக்கு அந்நியமானதன்று. பருப்பும் காய்களும் சேர்த்து வேகவைத்த 'டால்மா' நம் கூட்டுக்கு நெருங்கிய உறவு. பாற்கட்டியைச் சருக்கரையோடு சேர்த்துச் சுட்டெடுக்கும் 'சேனாபோடா', அடுக்கடுக்காகப் பொரித்துப் பாகில் தோய்த்த 'காஜா' ஆகிய இனிப்புகள் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இல்லத்தரசி அங்கும் மின்னடுப்பை வைத்துக்கொண்டு சோறு வடிக்கும் நிலை வரலாகாது. வீட்டிலுள்ள மூவருக்கும் விடுமுறை என்றால், அம்மாவுக்கும் அது விடுமுறையாகவே இருக்கட்டும்.

இப்போது கடலைப் பற்றி அறிய வேண்டுவனவற்றைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். திட்டமிடுதலில் மற்றவை தவறினால் வருவது சிறு தொல்லை. இங்குத் தவறினால் உயிருக்கே இடர்.

அலை கரையை நோக்கி வரும்போது, தொலைவிலிருந்து அதே நீர் ஓடிவருவதாகத் தோன்றுகிறது. ஆழ்கடலில் உண்மையில் நகர்வது அலையின் வடிவமும் ஆற்றலுமே. நீர் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே வட்டமிடுகிறது. கரையை நெருங்கி ஆழம் குறையும்போது அலையின் அடிப்பகுதி தரையால் தடைப்படுகிறது; மேற்பகுதி முந்துகிறது. அலையின் உயரத்தைவிடச் சற்றே மிகுந்த ஆழமுள்ள இடத்தில் அது குப்புற விழுந்து உடைகிறது. அப்போதுதான் நீர் உண்மையில் கரைமேல் ஏறுகிறது. இவ்வாறு ஏறிய நீர் எல்லாம் மீண்டும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். சில இடங்களில் அது மணல்மேடுகளுக்கிடையே உள்ள ஒடுங்கிய வாய்க்கால் வழியாக விரைந்து திரும்புகிறது. இதனை இழுப்பு நீரோட்டம் என்பர். இரு புறமும் அலைகள் வெண்ணுரையோடு உடைந்துகொண்டிருக்க, நடுவே ஓரிடம் மட்டும் அலை குறைந்து, சற்றுக் கருத்து, அமைதியாகத் தோன்றினால், அந்த அமைதியை நம்புதல் கூடாது. நீர் வெளியே ஓடும் வழி அதுவாக இருக்கக்கூடும். புதியவர்கள் அலைக்கு அஞ்சி அவ்விடத்தையே குளிக்கத் தேர்கின்றனர்.

இந்நீரோட்டம் மனிதனைக் கீழே இழுப்பதில்லை. கரையினின்று அப்பால் கொண்டுசெல்கிறது. அதை எதிர்த்துக் கரையை நோக்கி நேராக நீந்துவோர், நல்ல நீச்சல்காரரேயாயினும், களைத்து மூழ்குகின்றனர். அகப்பட்டவர் செய்ய வேண்டியது, முதலில் பதறாமல் மிதத்தல். ஒரு கையை உயர்த்தி உதவி கேட்டல். வலிமை இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்த இடத்தில் அலையோடு சேர்ந்து கரைக்குத் திரும்புதல். கரையில் நிற்பவர் உணர்ச்சிவசப்பட்டு உடனே குதித்தல் ஆகாது. ஒருவரைக் காக்கப் புகுந்து இருவர் மாண்ட நிகழ்ச்சிகள் பல. உயிர்காப்பாளரை அழைக்க வேண்டும். மிதக்கும் பொருள் எதனையேனும் எறிய வேண்டும். 112 என்ற அவசர எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நகரத்து நீச்சற்குளத்தில் பழகிய பிள்ளைகளுக்கு இதைத் தனியாக எடுத்துச் சொல்லுதல் அவசியம். குளத்து நீர் அசைவதில்லை, பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கிறது, அடி தெரிகிறது. இம்மூன்றும் கடலில் இல்லை. குளத்தில் பதக்கம் வாங்கியவனும் கடலுக்குப் புதியவனே. இதனைக் கண்டிப்பாகக் கூறாமல், காரணத்தோடு கூறினால் பதினைந்து வயதினன் ஏற்றுக்கொள்வான். புறப்படுவதற்கு முன்பே வீட்டில் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கிவிட்டால், கரையில் நின்று கத்தும் தேவை வராது. உடன்பாடுகளை முன்னதாகவே செய்துகொள்ளலாம்: உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியில் மட்டுமே இறங்குவது, இடுப்பளவுக்கு மேல் போவதில்லை, தனியே இறங்குவதில்லை, பொழுது சாய்ந்தபின் இறங்குவதில்லை, சிவப்புக் கொடி பறந்தால் எத்தனை ஆசையிருந்தாலும் கரையிலேயே நிற்பது. இவ்விதிகள் தந்தைக்கும் பொருந்தும். விதியைப் பெரியவர் மீறினால் சிறியவர் அதனை நினைவில் வைத்துக்கொள்வார்.

காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் கடல் பொங்குவதுண்டு. தொலைதூரத்துக் கடலில் வீசிய பெருங்காற்றினால் எழுந்த அலைகள் பல நாள் பயணம் செய்து திடீரெனக் கரையேறும். தென்கரை மீனவர் இதனைக் 'கள்ளக்கடல்' என்பர். 2024 மே மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையொன்றில் பயிற்சி மருத்துவர் ஐவர் இத்தகைய அலையில் சிக்கி உயிரிழந்தனர். அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையம் இவ்வெச்சரிக்கைகளை முன்னதாகவே வெளியிடுகிறது. தினமும் காலையில் அதனைப் பார்த்துக் குடும்பத்துக்கு அறிவிக்கும் வேலையை மகனுக்கே கொடுத்துவிடலாம். தடையைப் பிறர் சொல்லிக் கேட்பதைவிடத் தானே அறிந்து சொல்லுதல் அவனுக்கு உகந்ததாயிருக்கும்.

அஞ்சத்தக்கதை அறிந்தபின், இனி மகிழத்தக்கதற்கு வருவோம். நான்கு நாளை நிரப்புவதற்கு நாம் சொல்லும் அளவு, நாளொன்றுக்கு ஒரு காரியம். முதல் நாள் ஒரு காரியமும் வேண்டா. இறங்கி, குளித்து, உண்டு, உறங்கி, மாலையில் கடற்கரைக்கு நடந்தால் போதும். பூரியில் 'தங்கக் கடற்கரை' எனப்படும் பகுதி 2020இல் நீலக்கொடி என்னும் பன்னாட்டுச் சான்றினைப் பெற்றது. அங்கே நடப்பதற்கும் அமர்வதற்கும் வசதி செய்திருக்கின்றனர். கடல் ஏறிவந்த எல்லையில் ஒரு குச்சியை நட்டுவைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளும்படி மகனிடம் சொல்லலாம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். ஆகவே ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதித்து வரும். முழுநிலவிலும் அமாவாசையிலும் நீர் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும். பாடநூலில் படித்த திங்களின் ஈர்ப்பு, இப்போது அவன் நட்ட குச்சியருகே தெரியும்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் மீனவர் கரைக்குச் செல்லலாம். பூரியின் மீனவர்களை 'நூலியர்' என்பர். இவர்கள் ஆந்திரக் கரையிலிருந்து வந்து குடியேறியவர். இன்றும் வீட்டில் தெலுங்கு பேசுகின்றனர். கூம்பு வடிவத் தொப்பியணிந்து, நீராடுவோரைக் கைப்பிடித்து அலைக்குள் அழைத்துச் செல்லும் நூலியர் பூரிக்கே உரிய காட்சி. இவர்களுடைய பழைய மரப்படகுக்குத் 'தெப்பா' என்று பெயர். நம் தெப்பமும் அதுவும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய அவ்வகை மிதவைக்குரிய 'கட்டுமரம்' என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்துக்கும் சென்றிருக்கிறது. இந்நாளில் இயந்திரம் பூட்டிய படகுகளே மிகுதி.

அக்கரையில் நாம் நின்றிருந்த ஒரு காலையில், மீன்களை எண்ணிக் கூடையிலிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரின் குரலை நம் மகன் உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தான். "ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு" என்று அவர் எண்ணினார். "அப்பா, இவர் நம்மைப் போலவே எண்ணுகிறாரே!" என்றான் அவன். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசி, வீட்டில் மட்டுமே தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை அவன். ஒடியா பேசும் ஊரில் மூன்று தலைமுறைக்கும் மேலாகத் தங்கள் மொழியைக் கைவிடாமல் வாழும் குடும்பங்கள் இருப்பதை அன்று அவன் தானாகவே அறிந்துகொண்டான். "வீட்டில் தமிழில் பேசு" என்று நாம் ஆண்டுக்கணக்கில் கூறிவந்த அறிவுரையைவிட அந்நான்கு எண்கள் அதிகம் பயன்பட்டன. மாலையில் தன் பாட்டிக்குத் தொலைபேசியில் அச்செய்தியைச் சொன்னபோது, அவன் ஓர் இந்திச் சொல்லும் கலக்கவில்லை.

மூன்றாம் நாளை வெளியூர்க் காட்சிக்கு ஒதுக்கலாம். கொணாரக்கம் ஒன்று, சிலிகை ஏரி ஒன்று. இரண்டில் ஒன்றை மகன் தேர்வானாக. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முயன்றால் வண்டியின் இருக்கையைத்தான் மிகுதியாகப் பார்ப்போம். கொணாரக்கம் பூரிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 13ஆம் நூற்றாண்டில் கங்க மன்னன் முதலாம் நரசிம்மதேவன் எடுப்பித்த சூரியன் கோயில், 24 சக்கரங்களும் ஏழு குதிரைகளும் பூண்ட தேராக வடிக்கப்பட்டது. 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சிலிகைக்குச் செல்வோர் சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள சாத்தபாடாவை அடைந்து படகேறலாம். கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்த இப்பெருங்காயலில் ஐராவதி ஓங்கில்கள் வாழ்கின்றன. கரையோரமாக அலைகள் மணலை ஓயாது நகர்த்துவதால் காயலின் வாய் அடைபட்டு உப்பு குறைந்தது, ஆகவே 2000ஆம் ஆண்டில் கடலுக்குப் புதிய வாய் ஒன்றை வெட்டித் திறந்தனர், மீன்வளமும் பெருகியது. படகோட்டியிடம் ஓங்கிலைத் துரத்த வேண்டா என்று முன்னதாகவே சொல்லிவிடுதல் நன்று. இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் அவை தாமே மேலே வரும்.

நான்காம் நாள் காலை, இரவு வண்டிக்கு முன், ஜகந்நாதர் கோயிலுக்குச் சென்று வரலாம். கைப்பேசியும் தோற்பொருள்களும் உள்ளே அனுமதிக்கப்படுவதில்லை. வெளியே ஒப்படைக்க வேண்டும். ஆனந்த பஜாரில் மகாபிரசாதம் கிடைக்கும். வரலாற்றில் விருப்பமுள்ள பிள்ளைக்கு ஒன்று சொல்லலாம். இப்போதுள்ள பெருங்கோயிலை 12ஆம் நூற்றாண்டில் எடுப்பிக்கத் தொடங்கிய அனந்தவர்மன் சோடகங்கன், சோழ இளவரசி ஒருத்தியின் மகன். பெயரிலேயே சோழம் இருக்கிறது. முதற் குலோத்துங்கனின் படை கலிங்கத்தின்மீது சென்ற போரைச் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியாகப் பாடினார். தாய்வழியில் உறவும் களத்தில் பகையும் கொண்டிருந்த இக்கதையைக் கேட்டபின், அக்கோபுரம் அவனுக்கு வேறு விதமாகத் தோன்றும்.

இவையெல்லாம் சேர்ந்தும் நாளில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகா. எஞ்சிய பொழுது வெறுமையாகவே இருக்கட்டும். அவ்வெறுமையைக் கண்டு பெற்றோர் அஞ்சுதல் வேண்டா. முதல் நாள் பிள்ளை கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பான். அதனைப் பறித்து வைப்பதால் பயனில்லை. உணவு வேளையிலும் கடற்கரை நடையிலும் மூவரின் கைப்பேசிகளும் அறையிலேயே இருக்கும் என்ற பொது ஏற்பாடு போதும். அலுவலக அழைப்புக்குக் காத்திருக்கும் தந்தைக்கும் அதில் விலக்கு இல்லை. இரண்டாம் நாள் மாலையிலேயே நடை நீண்டுவிடும்.

பேச்சைப் பற்றியும் ஒரு சொல். விடலைப் பருவத்தினர் எதிரே அமர்த்திவைத்துக் கேட்கும் கேள்விகளுக்கு ஒற்றைச் சொல்லில் விடையளிப்பர். பக்கத்தில் நடக்கும்போதும், இருவரும் ஒரே அலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அவர்களாகவே பேசுவர். ஆகவே நடையின்போது மதிப்பெண், நுழைவுத் தேர்வு, அண்டைவீட்டுப் பிள்ளையின் வெற்றி ஆகியவற்றை நாம் தொடங்குதல் கூடாது. அவன் தொடங்கினால் கேட்டுக்கொள்ளலாம். பொறியியல் படிக்க விருப்பமில்லை என்றோ, வகுப்பில் ஒருவன் தன்னை வருத்துகிறான் என்றோ, நம் வீட்டுச் சண்டைகள் தனக்குக் கேட்கின்றன என்றோ அவன் கூறக்கூடும். அதற்கு அங்கேயே தீர்ப்பு வழங்க வேண்டியதில்லை. "அப்படியா, மேலே சொல்" என்ற அளவில் நிறுத்தினால், மறுநாள் மாலையும் அவன் நடக்க வருவான்.

செலவைப் பற்றி அஞ்சுவோர், பெரிய விடுதியோ விமானமோ இதற்கு இன்றியமையாதன அல்ல என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தூங்கும் வசதியுள்ள இரண்டாம் வகுப்புப் பயணமும், தூய்மையான எளிய அறையும், நடைதூரத்தில் கடலும் போதும். நான்கு நாள் முடியாதவர் இரண்டு நாளேனும் செல்லலாம். தேவை ஒன்றே: அந்நாள்களில் மகனைத் தவிர வேறு யாருக்கும், எதற்கும், நாம் கடமைப்பட்டிராதிருத்தல். கடல் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். பிள்ளையின் பதினைந்தாம் வயது இருக்காது. அவனது தேர்வு அட்டவணை வெளிவரும் நாளிலேயே அவனை அருகில் அமர்த்தி, நாள்காட்டியில் நான்கு நாள்களைக் குறித்துவிடுவோமாக.